குக்கரின் மேசையில் ஊமைச் சங்கு

குக்கருக்குக் கோபம் வந்தால் தெருவில் பால் திரிந்துபோகும் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். ஒரே ஒரு தடவைதான் திரிந்தது. அன்றைக்கு வெயிலும் அதிகம். மற்றபடி அவள் கோபத்தால்தான் நடந்தது என்று அடித்துச் சொல்லக்கூடியவை மிகக் கொஞ்சம். எதிர்க்கடைக் கண்ணாடியில் ஒரு விரிசல். கூரியர் கொண்டுவந்த ஒருவர் அந்த வாரமே வேறு தொழிலுக்குப் போனது. ஊரையே குரைத்து எழுப்பும் தெருமுனை நாய், அவள் கடையைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

பெயர் வைத்தவர்கள் அவள் முதன்முதலில் வேலை பார்த்த அலுவலகத்து ஆட்கள். ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். மூக்கு நுனி சிவக்கும். பிறகு பல்லுக்கு நடுவே மூச்சை ஸ்ஸ்ஸ் என்று விடுவாள். அது முதல் விசில். விவரம் தெரிந்தவர்கள் அந்த விசிலிலேயே தேநீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். இரண்டாவது விசிலில் மேலதிகாரிக்குத் திடீரென்று வெளியூர் வேலை வந்துவிடும். மூன்றாவது விசிலைக் கேட்டவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த அலுவலகத்தில் தொழிற்சாலை இயந்திரங்களுக்கான சின்னச் சின்னக் கணினிகள் செய்தார்கள். திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை, அதன் நடுவில் மூளையாக ஒரு ப்ராசசர். உலகத்தில் பெரும்பாலான கணினிகளில் இருக்கும் வகை இல்லை அது, வேறு வகை. ஒருநாள் கூட்டம் போட்டு, "இந்த ப்ராசசருக்கு இனிமே நம்ம ஆதரவு கிடையாது" என்றார் மேலதிகாரி.

"ஆதரவு கிடையாதுன்னா?" என்று கேட்டாள் குக்கர்.

"பழுதானா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கச் சொல்லணும்."

"நேத்து வரைக்கும் நல்லா ஓடினது, இன்னைக்கு நீங்க ஒரு கூட்டம் போட்டதும் குப்பையாயிடுச்சா? அப்ப நாளைக்கு என்னைப் பத்தி ஒரு கூட்டம் போடுவீங்களா?"

மூன்று விசிலும் ஒரே மூச்சில் வந்தன. கூட்ட அறைச் சுவரில் அப்போது பெயர்ந்த காரை இன்னும் பூசப்படவில்லை என்று கேள்வி. யாருக்கும் வேண்டாத பலகைகளை ஓர் அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், கைவிடப்பட்ட ப்ராசசர்களுக்கென்றே கடை திறந்தாள். பூட்டிக் கிடந்த ஒரு சைக்கிள் கடை. ஷட்டரைத் தூக்கினால் இன்றைக்கும் கிரீஸ் வாடை அடிக்கும். "ஆதரவு முடிந்துவிட்டது" என்ற வாக்கியம் எந்தக் கடிதத்தில் இருந்தாலும், எந்தத் திரையில் இருந்தாலும், அவளுக்குத் தன் முகத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல இருக்கும். அந்தக் கோபத்தில்தான் கடை ஓடியது. மின்சாரம் போனால்கூட அதிலேயே ஓடும் என்பான் கூடவே வேலை பார்க்கும் அவள் தம்பி.

அங்கே நடந்த வேலை இதுதான். எந்தக் கணினிக்கும் உள்ளே கெர்னல் என்று ஒன்று உண்டு. கெர்னல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குக் குக்கர் ஒரே வார்த்தையில் பதில் வைத்திருந்தாள்: "மாமியார்." வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, அடுப்பை யார் முதலில் தொடலாம், குளியலறையில் யார் எவ்வளவு நேரம் இருக்கலாம், எல்லாவற்றையும் முடிவு செய்கிறவள், அவள் எழுந்திருக்காவிட்டால் ஒரு டம்ளர் அசையாது. லினக்ஸ் கெர்னலின் பெருமை என்னவென்றால், அதைப் பிரித்து, வேண்டாததைக் கழித்து, வேண்டியதைச் சேர்த்து, நம் வீட்டுக்குத் தகுந்த மாமியாராக நாமே செய்துகொள்ளலாம். "இந்த வசதி மட்டும் நிஜத்துல இருந்திருந்தா..." என்று தம்பி மனைவி ஒருமுறை பெருமூச்சு விட்டாள். அவளுடைய மாமியார், அதாவது குக்கரின் அம்மா, அப்போது பக்கத்து அறையில்தான் இருந்தார். அது வேறு கதை.

கெர்னல் செய்வது குக்கர். சால்டரிங் இரும்பு பிடிப்பது தம்பி. சாது. பழைய சிப்பைக் கழற்றிப் புது சிப்பை ஈயம் வைத்து ஒட்டினால், எறும்பு வந்து பார்த்தாலும் ஒட்டு தெரியாது. கடை திறந்த புதிதில் இவள் அவன் இரும்பைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டாள். அவன் இவள் விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டி, காலையிலிருந்து செய்த வேலையை அழித்தான். அன்றைக்கு நடந்த சண்டையின் முடிவில் மேசையின் நடுவே மஞ்சள் டேப் ஒட்டப்பட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். டம்ளர்கூடக் கோட்டைத் தாண்டாது. பலகை மட்டும் போய்வரும்.

அப்படிப்பட்ட தம்பி, ஒருநாள், ஈயம் வைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்: "அக்கா, துறைமுகத்துல ஒரு கம்பெனி. கப்பல்ல இருக்கற மின்சாதனமெல்லாம் பழுது பாக்கறாங்க. என்னைக் கூப்பிடறாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வர்றேன் வரலேன்னு சொல்லணும்."

"ம்" என்றாள் குக்கர்.

அவ்வளவுதான் சொன்னாள். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. வராத வார்த்தை உள்ளே கிடந்து கொதித்தது. அந்த வாரம் முழுக்க அவள் மின்விசிறியைத் திட்டினாள், நாற்காலியைத் திட்டினாள், தேநீரில் ஆடை படிந்ததற்குத் தேநீரைத் திட்டினாள். தம்பியை மட்டும் திட்டவில்லை. அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் சோப்புத் தொழிற்சாலையின் சங்கு வந்து சேர்ந்தது.

ஷிஃப்ட் மாறும்போது ஊதுமே, அந்தச் சங்கு. அந்த ஊரில் பாதிப் பேர் கடிகாரம் பார்க்க மாட்டார்கள், சங்கைத்தான் கேட்பார்கள். அதை நேரத்துக்கு ஊத வைக்கும் பலகையில் கடிகாரச் சிப் கெட்டுப்போய், சங்குக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஒருநாள் வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஊதியது. தொழிலாளர்கள் எல்லாரும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சங்கு சொன்னால் சொன்னதுதானே. பலகை செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு வந்த பதிலில் அந்த வாக்கியம் இருந்தது: ஆதரவு முடிந்துவிட்டது. ஃபோர்மேன் அதை வாசித்துக் காட்டியதும் குக்கர் விட்ட விசிலில், சங்கே ஊதிவிட்டதோ என்று அவர் ஒரு நிமிஷம் திடுக்கிட்டார். பலகையையும், கன்றுக்குட்டி அளவில் இருந்த சங்கையும் தள்ளுவண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "பொறுமையாப் பாருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போனார்.

பழைய கடிகாரச் சிப் இப்போது யாரும் செய்வதில்லை. தம்பி வேறொரு சிப்பைத் தேடிப் பிடித்து ஒட்டி, கையோடு அதில் சரியான நேரத்தையும் வைத்தான். ஆனால் பலகையில் இருந்த பழைய கெர்னலுக்குப் புதுச் சிப்பைத் தெரியாது. வீட்டுக்கு வந்த புது மருமகளை யாரென்றே தெரியாத மாமியார். ஆகவே புதுக் கெர்னல் செய்ய வேண்டும். அந்த வகை ப்ராசசருக்கு ஆயத்தமாக யாரும் கெர்னல் வெளியிடுவதும் இல்லை. மூலநிரலிலிருந்து தானே கட்டியெடுக்க வேண்டும்.

கட்டுவது குக்கரின் மடிக்கணினியில். அதுவோ சாதாரண வகை. தான் ஒரு வார்த்தைகூடப் பேசாத மொழியில் முழுப் புத்தகத்தை எழுதிக் கொடுக்கிற வேலை அதற்கு. எந்த மொழியில் எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறந்தால், அது பாட்டுக்குத் தன் மொழியிலேயே சந்தோஷமாக எழுதித் தள்ளும், பலகை அதை வாங்கிப் பார்த்து முழிக்கும். கத்துக்குட்டிகள் எல்லாரும் வழுக்கி விழும் இடம் அது. குக்கர் ஒருநாளும் விழுந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை, கெர்னல் தயாராகிக்கொண்டிருந்தபோது, கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி சொன்னான்: "அக்கா, இந்தப் பலகையில முதல் வாசல் உள்ளுக்குள்ளயே போகுது. நம்ம ஒயர் ரெண்டாவது வாசல்லதான் இருக்கு."

வாசல் என்றால் பலகை வெளியுலகத்தோடு பேசும் துளை. அதில் ஒரு ஒயரைச் செருகி மடிக்கணினியோடு இணைத்தால், பலகை சொல்வதெல்லாம் திரையில் வரிவரியாக வரும். திரை இல்லாத ஜீவனுக்கு அதுதான் வாய்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற வாய் அந்தப் பக்கமே இருக்கட்டும்" என்றாள் குக்கர். அவள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்து பலகையில் கெர்னலை ஏற்றினார்கள். சங்கையும் மேசையிலேயே இணைத்திருந்தான் தம்பி. மின்சாரம் கொடுத்ததும் திரையில் எழுத்துகள் வந்தன. கெர்னலை எழுப்பிவிடும் சின்ன நிரல் ஒன்று உண்டு. அதற்கு பூட்லோடர் என்று பெயர். அது தன் கடமையைச் செய்தது. நினைவகம் இருக்கிறது என்றது. கெர்னல் கிடைத்தது என்றது. கெர்னலைத் தொடங்குகிறேன் என்றது.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. வெறும் கறுப்புத் திரை. ஒரு மூலையில் சின்னக் கட்டம் மட்டும் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

அணைத்துப் போட்டாள். அதே கதை. திரும்ப அணைத்துப் போட்டாள். தொடங்குகிறேன் என்றது, வாயை மூடிக்கொண்டது.

மூக்கு நுனி சிவந்தது. "என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"நானா?"

"பின்ன யாரு, எதிர்க்கடைக்காரனா வந்து ஈயம் வெச்சான்? ஒட்டு எங்கயோ இழுத்துக்கிச்சு. செத்துக் கிடக்கு பாரு."

"செத்திருந்தா பூட்லோடர் எப்படிக்கா பேசும்?"

"அது கடைசி மூச்சு."

"எப்பப் பாத்தாலும் என் பக்கத்துலயே தப்பைத் தேடறே. ஒரு தடவை உன் பக்கமும் பாரேன்."

முதல் விசில். "என் பக்கமா? நான் கெர்னல் கட்ட ஆரம்பிச்சப்ப நீ இதே கடையில நின்னு சைக்கிள் பம்புக்குக் காத்து அடிச்சிட்டு இருந்தே."

"சைக்கிளுக்குத்தான் காத்து அடிப்பாங்க. பம்புக்கு யாரும் அடிக்க மாட்டாங்க."

"திருத்தறியா? என்னையே திருத்தறியா?" இரண்டாவது விசில். எதிர்க்கடையில் ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது.

தம்பி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒரு வாரமாகப் பயந்து பயந்து அவனுக்கும் அலுத்துவிட்டது. "உனக்கு என்ன கோவம்னு நேராச் சொல்லேன். பலகை மேலயா, என் மேலயா?"

மூன்றாவது விசில் வந்தது.

"உன் மேலதான்டா! உன் மனசு இங்க இல்ல. கப்பல் ஏறிடுச்சு. அதான் கை நிக்க மாட்டேங்குது. ஊர்க்காரங்க நம்பிக் குடுத்த சங்குக்கே சங்கு ஊதிட்டே! போ. போய்த் தொலை. அவன் கூப்பிடறான்ல, அங்கயே போ. உன்னை நம்பி ஒண்ணும் இந்தக் கடை ஓடல!"

கடைசி வாக்கியம் வெளியே வந்ததும், அது பொய் என்று அவளுக்கே கேட்டது. ஆனால் வந்துவிட்டதே.

தம்பி சால்டரிங் இரும்பை அதன் தாங்கியில் வைத்தான். ப்ளக்கைப் பிடுங்கினான். ஒயரைச் சிக்கில்லாமல் சுருட்டி வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பத்து எட்டுத் தூரம் போவதாக இருந்தாலும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

குக்கர் நாற்காலியைத் திட்டினாள். பலனில்லை. சரி, குற்றத்தை நிரூபித்தே தீர்வது என்று கிளம்பினாள். கடை திறந்து எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக மஞ்சள் டேப்பைத் தாண்டிப்போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பலகை மேல் குனிந்து, ஒட்டு ஒட்டாகப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவன் வேலையை அவள் பார்த்ததே இல்லை. கடுகைக் கழுவி வரிசையாக வைத்தது மாதிரி, ஒன்றுபோல, பளபளவென்று. ஒரு பிசிறு இல்லை. ஒரு குறை கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பாள். கிடைக்கவில்லை என்பதால் இன்னும் கொதித்தது. "ஒரே ஒரு தப்பாவது பண்ணியிருக்கக் கூடாதாடா, பாவி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் குனிந்தாள். சங்கு அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

மணி மூன்றானது. சங்கு ஊதியது.

தொழிற்சாலைக் கூரை மேல் ஊத வேண்டிய சங்கு, சைக்கிள் கடைக்குள் ஊதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஷட்டர் தானாக இறங்கிப் பாதியில் நின்றது. முடிதிருத்தும் கடையில் மழித்துக்கொண்டிருந்தவருக்கு மீசை ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியது. கடைசி வரை அப்படியே வைத்துக்கொண்டு, அதுதான் புது வழக்கம் என்று சாதித்தார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள்தான் முதலில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சோப்புத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறியது. தெருமுனை நாய் அப்போது கிளம்பியதுதான், பக்கத்து ஊரில் இப்போதும் நல்ல பெயரோடு இருக்கிறதாம்.

குக்கருக்கு அந்தப் பக்கக் காதில் உலகம் ஊமையானது. ஆனால் புத்தி மட்டும் மணி அடித்தாற்போல் தெளிந்தது. சங்கு ஊதியது என்றால் கெர்னல் எழுந்திருக்கிறது. ஷிஃப்ட் மாறும் மூன்று மணிக்குச் சரியாக ஊதியது என்றால் புதுக் கடிகாரத்தை அது அடையாளம் தெரிந்துகொண்டிருக்கிறது. அவன் ஒட்டும் சரி, அவன் வைத்த நேரமும் சரி. அப்படியானால் இவ்வளவு நேரமும் அது உயிரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எங்கே பேசியது?

கோட்டைத் தாண்டித் தன் பக்கம் ஓடிவந்து, கெர்னலுக்குத் தான் கொடுத்த கட்டளை வரியைப் பார்த்தாள். முதல் வாசலில் பேசு என்று எழுதியிருந்தது. சாதாரணக் கணினிகளுக்கு எழுதி எழுதிக் கைக்குப் பழகிப்போன வரி. மொழி மாறும் என்பதை மறக்காத தலைக்கனம், வாசலும் மாறும் என்பதை மறந்துவிட்டது. பூட்லோடருக்கு எங்கே பேச வேண்டும் என்று பிறவியிலேயே தெரியும். அது சரியான வாசலில் பேசிவிட்டுப் போய்விட்டது. கெர்னல் பாவம், இவள் சொன்னபடி கேட்டது.

காலையில் அவன் சொன்னான். வார்த்தை வார்த்தையாகச் சொன்னான்.

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. தம்பி குனிந்து உள்ளே வந்தான். பஸ் நிறுத்தம் வரை போயிருந்தவன், செத்துவிட்டது என்று அக்கா சொன்ன பலகை சங்கை ஊத வைக்கிறதே என்று ஓடிவந்திருந்தான். ஒயரைப் பிடுங்கி, பலகைக்கு உள்ளேயே இருந்த முதல் வாசலின் முட்களில் மாட்டி, பலகையை அணைத்துப் போட்டான். திரையில் மழை கொட்டுவது போல வரிகள் இறங்கின. ப்ராசசர் சரி. நினைவகம் சரி. கடிகாரம் சரி. எல்லாம் சரி.

"இவ்வளவு நேரம் பூட்டின அறையில உக்காந்து தனியாப் பேசிட்டிருந்திருக்கு" என்றான்.

குக்கருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை தெரியும். தொண்டை வரைக்கும் வந்தது. வந்து வெளியே விழுந்தது வேறு: "கப்பலுக்குப் போறதைப் பத்திச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அதுக்குள்ளயா? என்னன்னு சொன்னே?"

"போறேன்னு. நீதானே போகச் சொன்னே."

கோபம் வந்தது பாருங்கள், அந்த வாரத்துக் கோபமெல்லாம் அதற்கு முன்னால் வெறும் ஆவி. யார்மேல் என்று மட்டும் தெரியவில்லை. அவன் கையிலிருந்த கைபேசியைப் பறித்தாள். பூதக்கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை; திரையில் இருந்தது எழுத்தா எருமையா என்று தெரியாத நிலையில், கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தி, கேட்கிற காதில் வைத்தாள்.

"ஹலோ! கப்பல் கம்பெனியா? கேளுங்க. என் தம்பி வர்றேன்னு உங்ககிட்ட சொன்னானாம். அது அவன் சொன்னது இல்ல. நான் கோவத்துல சொன்னது, அவன் எடுத்துட்டு வந்து உங்ககிட்ட ஒப்பிச்சிருக்கான். தப்பு என்னுது. முழுசா என்னுது. காலையிலேயே சொன்னான், நான்தான் காதுல வாங்கல. அவன் வெச்ச ஒட்டுல ஒரு குறை கண்டுபிடிக்க முடியல, அது எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? இவன் இல்லேன்னா நான் ஷட்டரை இழுத்துட்டு வீட்டுக்குத்தான் போகணும். போகாதேன்னு சொல்ல ஒரு வாரமா வாய் வரல, அதுக்கு நாற்காலியெல்லாம் திட்டு வாங்கிட்டிருக்கு. என்ன, பேச்சையே காணோம்? இருக்கீங்களா?"

மறுமுனையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"இருக்கேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "எல்லாம் நல்லாக் கேட்டுச்சு. அந்த 'தப்பு என்னுது' வந்துச்சு பாருங்க, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்றீங்களா? ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், அத்தைக்குச் சரியா விழலையாம்."

"அவ சொன்னாளா? நிஜமாவா?" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

குக்கர் கைபேசியை, கையைச் சுட்ட பாத்திரத்தை வைப்பது போல மேசையில் வைத்தாள். பூதக்கண்ணாடியைக் கழற்றினாள். தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"வீட்டுக்குத்தான் போன் பண்ணினியா?"

"முதல்ல அவகிட்ட சொல்லணும் இல்ல? கம்பெனிக்கு இன்னும் சொல்லல." அவனால் அடக்க முடியவில்லை. "எந்த வாசல்ல பேசறோம்னு பாத்துப் பேசணும்கா. காலையிலேயே சொன்னேன்."

மூக்கு நுனி சிவந்தது. அவள் மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சை, மிகுந்த கஷ்டத்தோடு, சத்தமில்லாமல் விட்டாள். பிறகு விசைப்பலகையைத் தள்ளினாள். அது மஞ்சள் டேப்பைத் தாண்டி அவன் பக்கம் போய் நின்றது.

"அந்த வரியை நீயே மாத்து."

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடித் தட்டினான். பார்த்துக்கொண்டிருக்க முடியாத கொடுமை. குக்கர் இரண்டு கைகளையும் நாற்காலியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வரி மாறியது. ஒயர் பழைய இடத்துக்கு வந்தது. பலகை எழுந்து, சரியான வாசலில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பேசியது.

சாயங்காலம் தம்பி ஷட்டருக்கு வெளியே நின்று ஒரு போன் பேசினான். குக்கர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால், ஒரு காது இன்னும் சரியாகவில்லை, இல்லாவிட்டால் கேட்டிருப்பாள். அவன் உள்ளே வந்து, சங்கின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"என்ன சொன்னே?" என்று கேட்டாள்.

"வேற ஆள் பாத்துக்கங்கன்னு."

"என்னது?"

"வேற ஆள் பாத்துக்கங்கன்னு சொன்னேன்கா!" என்று கத்தினான். தெரு முழுக்கக் கேட்டது.

"அதைப் போன வாரமே சொல்றதுக்கு என்னடா கேடு? ஒரு வாரம்! ஒரு வாரம் மனுஷியை..."

ஸ்ஸ்ஸ்.

தம்பி துணியை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கக் கிளம்பினான். "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.